பேனாவ எடுத்து சும்மா வரையுங்க

பென்சில்ல வரைஞ்சா பாதி நேரம் ரப்பர் தேச்சே போயிடும். பேனால அந்த பேச்சே இல்ல, விழுந்த கோடு விழுந்ததுதான், கேக்க பயமா இருந்தாலும் சுகமே அதுலதான் இருக்கு.

சாதா பால்பாயின்ட் பேனாவே போதும். லேசா அழுத்தினா மங்கலா வரும், நல்லா அழுத்தினா அடர்த்தியா வரும், முனையில மை திரண்டா மட்டும் ஒரு துண்டு பேப்பர்ல துடைச்சுக்கோங்க. ஜெல் பேனால இந்த வித்தை பலிக்காது, காயறதுக்குள்ள கை பட்டா ஈஷிடும் வேற. மேல வாட்டர்கலர் அடிக்கிற ஐடியா இருந்தா பிக்மா மைக்ரான் மாதிரி பிக்மென்ட் இங்க் பேனா வாங்குங்க, காஞ்சப்புறம் தண்ணி பட்டாலும் கரையாது. நோட்டு சின்னதா இருக்கட்டும், பேப்பர் கனம் 100 ஜிஎஸ்எம்க்கு (ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, கிராம்ல) மேலனா பின்பக்கம் மை அவ்வளவா தெரியாது.

முதல்ல கை சூடாகணும். கண்ணு முன்னாடி இருக்கிற ஏதாவது ஒன்ன, கழட்டிப்போட்ட செருப்பு, நாற்காலியில கிடக்கிற சட்டைனு எதுவா இருந்தாலும் சரி, பேப்பர பாக்காமலே அதோட ஓரம் போற வழியில கண்ணு மெதுவா போகப் போக பேனாவையும் எடுக்காம கூடவே இழுத்துட்டு போங்க. முடிச்சு பாத்தா கோணல்மாணலா சிரிப்பா இருக்கும், ஆனா அந்த சட்டையில எங்க மடிப்பு விழுந்திருக்குனு இப்பதான் நிஜமாவே பாத்திருப்பீங்க.

அப்புறம் பேப்பரையும் பாத்து வரையலாம். கோடு தப்பா போச்சா, அத மறைக்க அதுமேலயே அழுத்தி அழுத்தி போடாதீங்க, அசிங்கமா அதுதான் முதல்ல தெரியும். விட்டுட்டு பக்கத்துலயே சரியான கோட்ட போடுங்க, ரெண்டும் சேந்து படத்துக்கு ஒரு அசைவு வந்துடும்.

ஆளுங்கள வரையறதுதான் செம ஜாலி. கண்ணு மூக்குனு ஆரம்பிக்காம தல சாய்ஞ்சிருக்கிறது, தோள் சரிவு, முதுகு வளைவுனு நாலஞ்சு கோட்டுல புடிங்க. நடுவுல எழுந்து போயிட்டாங்கனா போகட்டும், அதே பக்கத்துல அடுத்த ஆள ஆரம்பிங்க, அரைகுறை ஆளுங்களா நெறஞ்ச பக்கம் எனக்கு முழுசா முடிச்ச படத்தவிட புடிக்கும். (உங்கள கவனிச்சுட்டா ஒரு சிரிப்பு போதும்.) போட்டோ பாத்து வரையறதுல இந்த பரபரப்பு வராது. 2007ல ஆரம்பிச்ச அர்பன் ஸ்கெட்சர்ஸ்ங்கிற ஊர், தெருவ வரையறவங்க குழுவும் நேர்ல பாத்து வரையணும்னுதான் சொல்றாங்க.

நிழலுக்கு ஒரே பக்கமா சாய்ஞ்ச கோடுங்க போதும், ரொம்ப இருட்டான எடத்துல மட்டும் குறுக்க இன்னொரு வரிசை போடுங்க. இன்னும் கொஞ்சம் ஷேடு போடலாமேனு கை அரிக்கும் பாருங்க, அப்ப நிறுத்திட்டு ஓரத்துல தேதி போட்டு பக்கத்த திருப்பிடுங்க.