இரு இயங்குதள மடிக்கணினியை உறங்க வைக்கும் முறை

விண்டோஸும் லினக்ஸும் ஒரே மடிக்கணினியில் குடியிருக்கும்போது, வேலையைப் பாதியில் விட்டு மூடியைச் சாத்துவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கடையின் கணக்கப்பிள்ளை பேரேட்டில் பாதி எழுதி, மீதியை மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உறங்கும் நேரத்தில் வேறொருவர் அதே பேரேட்டில் வரவு செலவுகளை எழுதினால், விழித்தவர் தம் நினைவில் இருந்ததை நம்பித் தொடர்ந்து எழுதுவார். கணக்கு முழுவதும் குழம்பிப்போகும். ஹைபர்நேட் செய்யப்பட்ட, அதாவது நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு அணைந்த, இயங்குதளமும் அந்தக் கணக்கப்பிள்ளையைப் போன்றதே. அது உறங்கும் வரை, அது திறந்து வைத்திருந்த பார்டிஷன்களை (வட்டின் பகுதிகளை) மற்ற இயங்குதளம் தொடக்கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பதற்காகவே. விண்டோஸ் 11, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 24.04, இரண்டுக்கும் பொதுவான ஓர் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) தரவுப் பார்டிஷன், 16 ஜிபி நினைவகம் ஆகியவை கொண்ட ஒரு மடிக்கணினியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதலில் சஸ்பெண்டையும் ஹைபர்நேட்டையும் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். சஸ்பெண்டில் திறந்திருக்கும் நிரல்கள் நினைவகத்திலேயே இருக்கும். அதற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். விழித்தால் அதே இயங்குதளம்தான் விழிக்கும் என்பதால் இடையில் மற்றொன்று நுழைய வழியில்லை. ஆகவே இரு இயங்குதளச் சிக்கல் இங்கே எழுவதில்லை. ஹைபர்நேட்டில் நினைவகத்தின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்பட்டு, கணினி முற்றிலும் அணைந்துவிடும். அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது, எந்த இயங்குதளத்தைத் துவக்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும், அதில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆபத்து அந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது.

விண்டோஸிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அங்கே பயனர் கேட்காமலேயே ஒரு பாதி ஹைபர்நேட் நடந்துகொண்டிருக்கக்கூடும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதி உள்ளது. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ என்று அழுத்தினால், பயனரின் நிரல்கள் மூடப்படுகின்றன. ஆனால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலும், வன்பொருளை இயக்கும் டிரைவர்களும் அணையாமல், ஹைபர்ஃபில்.சிஸ் என்னும் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. அதாவது, அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் விண்டோஸ் உண்மையில் பேரேட்டைத் திறந்து வைத்தபடியே உறங்குகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டும் இது நிகழ்வதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இதை நிறுத்த, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், மின் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பைத் திறந்து, தற்போது மாற்ற இயலாத அமைப்புகளை மாற்றுவதற்கான வரியை அழுத்திய பிறகு, ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற குறியை நீக்கிச் சேமிக்க வேண்டும். விண்டோஸில் ஹைபர்நேட்டே வேண்டாம் என்பவர்கள், நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை ‘/ஹெச் ஆஃப்’ என்ற சொற்களுடன் இயக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதனோடு நின்றுவிடும். பல ஜிபி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹைபர்ஃபில்.சிஸ் கோப்பும் நீங்கிவிடும். ஒரே ஒரு முறை முழுமையாக அணைத்தால் போதும் என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைத் தேர்ந்தெடுக்கலாம்.

விண்டோஸ் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை லினக்ஸே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் ஹைபர்நேட் செய்யப்பட்ட பார்டிஷனைக் கண்டால், எழுதும் உரிமையைத் தராமல் வாசிப்பதற்கு மட்டும் திறக்கும். அந்தத் தடையைத் தாண்டுவதற்கு ரிமூவ்_ஹைபர்ஃபைல் என்ற தேர்வு இருக்கிறது. ஆனால் அது விண்டோஸின் சேமித்த நிலையையே அழித்துவிடும் என்பதால், திறந்திருந்த சேமிக்கப்படாத ஆவணங்கள் எல்லாம் போய்விடும். விண்டோஸைத் துவக்கி முறையாக அணைக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த இந்தத் தேர்வைப் பயன்படுத்த வேண்டாம்.

இனி உபுண்டு. சஸ்பெண்டுக்கு அனேகமாக எதுவும் செய்யத் தேவையில்லை. ஆனால் பையில் வைத்த மடிக்கணினி சூடாகிறது, காலையில் பார்த்தால் மின்கலம் வற்றியிருக்கிறது என்றால், சிஸ் அடைவுக்குள் பவர் என்ற உள்ளடைவில் இருக்கும் மெம்_ஸ்லீப் கோப்பைக் கேட் கட்டளையால் பாருங்கள். அதில் ‘எஸ்2ஐடில்’, ‘டீப்’ என்ற இரு சொற்களும் இருந்து, சதுர அடைப்புக்குறி முதலாவதைச் சூழ்ந்திருந்தால், கணினி மேலோட்டமான தூக்கத்தையே பயன்படுத்துகிறது; கர்னல் அளவுருக்களில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று சேர்த்துப் பார்க்கலாம். ‘டீப்’ என்ற சொல்லே இல்லையென்றால், கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருள்) ஆழ்ந்த சஸ்பெண்டைத் தரவில்லை என்று பொருள். அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் இதுதான் நிலை. ஹைபர்நேட்டைத் தேட வைப்பதும் இதுதான்.

ஹைபர்நேட்டை அமைக்கப் புறப்படுமுன், கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அது இயங்கும்போது உபுண்டுவின் கர்னல் ‘லாக்டவுன்’ நிலைக்குப் போய், ஹைபர்நேட்டை மறுத்துவிடும். மணிக்கணக்கில் அமைப்புகளை மாற்றிய பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்களின் எரிச்சல் பெரிது. செக்யூர் பூட்டை அணைப்பது என்று முடிவெடுத்தால், விண்டோஸ் பார்டிஷன் பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபர்ம்வேர் அமைப்பு மாறியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும், அந்தச் சாவி கையில் இல்லாவிட்டால் விண்டோஸுக்குள் நுழைய முடியாது. செக்யூர் பூட்டை அணைக்க மனமில்லாதவர்கள் லினக்ஸில் சஸ்பெண்டோடு நின்றுகொள்ளலாம் என்பதே என் கருத்து. எஸ்எஸ்டி உள்ள கணினியில் முழுத் துவக்கமே விரைவாக நடந்துவிடுகிறது.

மேலே செல்ல விரும்புவோருக்குத் தேவை போதிய சுவாப் இடம், அதாவது நினைவகத்தின் உள்ளடக்கத்தை வட்டில் எழுதி வைக்கும் இடம். சுவாப்ஆன் கட்டளையை ‘--ஷோ’ என்ற தேர்வுடன் இயக்கினால் இருப்பது தெரியும். கர்னல் தானாக, சேமிக்கும் பிம்பத்தை (நினைவகத்தின் நகலை) நினைவகத்தின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்க முயலும், சுருக்கியும் எழுதும். ஆனாலும் நிரல்கள் நினைவகத்தை நிறைத்திருக்கும் நாளில் இடம் போதாமல் போகாதிருக்க, 16 ஜிபி நினைவகத்துக்கு 16 ஜிபி சுவாப் வைப்பதே பாதுகாப்பானது. உபுண்டு நிறுவி உருவாக்கும் சுவாப் கோப்பு இதைவிடச் சிறிதாகவே இருக்கும். சுவாப்ஆஃப் கட்டளையால் அதை விடுவித்து, டிடி கட்டளையால் புதிய அளவில் எழுதி, சிஹெச்மாட் 600 கொடுத்து, எம்கேசுவாப், சுவாப்ஆன் ஆகியவற்றை வரிசையாக இயக்க வேண்டும். இசட்ரேம் சுவாப் இதற்கு உதவாது. அது நினைவகத்திலேயே இருப்பதால் மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும்.

அடுத்து, சேமித்த பிம்பம் எங்கே இருக்கிறது என்பதைத் துவக்கத்தின்போது கர்னலுக்குச் சொல்ல வேண்டும். சுவாப் கோப்பு இருக்கும் பார்டிஷனின் தனி அடையாளமான யூயூஐடியை ஃபைண்ட்எம்என்டி கட்டளையால் பெறலாம். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கோப்பின் தொடக்க இடத்தை ஃபைல்ஃப்ராக் கட்டளை ‘-வி’ தேர்வுடன் காட்டும். முதல் வரியில் ‘ஃபிசிக்கல் ஆஃப்செட்’ நெடுவரிசையில் வரும் முதல் எண்ணே நமக்கு வேண்டியது. ஈடிசி அடைவில் டிஃபால்ட் என்ற உள்ளடைவில் உள்ள கிரப் கோப்பில், லினக்ஸுக்கான கட்டளை வரியில் ரெஸ்யூம்=யூயூஐடி= என்பதன் பின்னால் அந்த அடையாளத்தையும், ரெஸ்யூம்_ஆஃப்செட்= என்பதன் பின்னால் அந்த எண்ணையும் சேர்த்து, அப்டேட்-கிரப், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஆகிய கட்டளைகளை நிர்வாகி உரிமையுடன் இயக்கி, ஒரு முறை மறுதுவக்கம் செய்ய வேண்டும். சுவாப் கோப்பைப் பின்னாளில் அழித்து மீண்டும் உருவாக்கினால் அந்த எண் மாறிவிடும். தனிச் சுவாப் பார்டிஷன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சோதிக்கும்போது அரிய ஆவணம் எதையும் திறந்து வைக்காதீர்கள். உரைத்தொகுப்பியில் நான்கு சொற்களைத் தட்டச்சு செய்து, சேமிக்காமல் விட்டு, சிஸ்டம்சிடிஎல் ஹைபர்நேட் என்று கட்டளையிடுங்கள். கணினி அணைந்த பின் பொத்தானை அழுத்தி, கிரப்பில் அதே உபுண்டுவைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சொற்கள் திரையில் இருந்தால் வெற்றி. அப்டைம் கட்டளை ஒரு நிமிடம் என்று காட்டினால், பிம்பம் படிக்கப்படவில்லை, புதிதாகத் துவங்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஆஃப்செட் எண்ணில் பிழை இருக்கும்.

பொதுவான பார்டிஷனுக்கு வருவோம். உபுண்டுவின் எக்ஸ்ட்4 பார்டிஷனை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை என்பதால் அது தப்பித்துவிடும். ஆபத்துக்கு உள்ளாவன இரண்டு: தரவுப் பார்டிஷன், இரண்டு இயங்குதளங்களின் துவக்கக் கோப்புகளும் இருக்கும் இஎஃப்ஐ பார்டிஷன். ஆகவே ஹைபர்நேட்டுக்கு முன் இரண்டையும் யூமவுண்ட் செய்துவிட, அதாவது இயங்குதளத்தின் பிடியிலிருந்து விடுவித்துவிட வேண்டும். இரு யூமவுண்ட் கட்டளைகள், ஹைபர்நேட் கட்டளை ஆகிய மூன்றையும் ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, இடையில் && குறிகளை இடுங்கள்; ஏதேனும் ஒரு கோப்பு திறந்திருப்பதால் யூமவுண்ட் தோற்றால், ஹைபர்நேட்டும் நடக்காமல் நின்றுவிடும். அந்தத் தோல்விதான் பாதுகாப்பு. விழித்த பின் மவுண்ட் -ஏ என்றால் அவை திரும்ப வந்துவிடும்.

மூடியைச் சாத்தினால் முதலில் சஸ்பெண்ட், சிறிது நேரம் கழித்து ஹைபர்நேட் என்னும் வசதியும், உபுண்டுவின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் உண்டு. லாகின்டி அமைப்புக் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்பதற்கு சஸ்பெண்ட்-தென்-ஹைபர்நேட் என்று எழுதினால் போதும். ஆனால் அது நம் ஸ்கிரிப்டைக் கேட்காது. இதைப் பயன்படுத்துவோர், துவக்கத்தில் எவற்றை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் தரவுப் பார்டிஷனுக்கு நோஆட்டோ என்று குறித்து, தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் செய்து, வேலை முடிந்ததும் விடுவிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு நாள் மறதியாக, தரவுப் பார்டிஷன் திறந்திருக்க உபுண்டுவை ஹைபர்நேட் செய்து, விண்டோஸுக்குள் போய் அதே பார்டிஷனில் கோப்புகளை எழுதிவிட்டீர்கள் என்றால், உபுண்டுவை விழிக்க விடக்கூடாது. கிரப் பட்டியலில் உபுண்டுவின் மேல் நின்று ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோரெஸ்யூம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 விசையால் துவக்குங்கள். சேமிக்கப்படாத வேலை போய்விடும், ஆனால் பழைய நினைவு பார்டிஷனைத் தொடாது. பிறகு விண்டோஸுக்குத் திரும்பி, அந்தப் பார்டிஷனைச் சிஹெச்கேடிஎஸ்கே கட்டளையால் ஒரு முறை சரிபார்த்துவிட்டு வழக்கமான வேலையைத் தொடரலாம்.