குடலை வெட்டி ஜாயின்ட் பண்ணின ஆபரேஷன்: வீட்ல இருக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேன்சர், அடைப்பு, ஓட்டைன்னு ஏதோ ஒரு காரணத்துக்கு குடல்ல ஒரு துண்டை எடுத்துட்டு மிச்ச ரெண்டு முனையையும் சேத்து தச்சிருப்பாங்க, இல்ல ஸ்டேப்லர் போட்டிருப்பாங்க. வீட்ல எல்லாரும் பாக்கறது வயித்து மேல இருக்கற தையலைத்தான், காஞ்சிருச்சா, சீழ் வைக்குதான்னு. அதையும் பாக்கணும்தான், ஆனா பெரிய பயம் உள்ள இருக்கற ஜாயின்ட் மேலதான் இருக்கணும். அது விட்டு கசிஞ்சா மலமும் கிருமியும் வயித்துக்குள்ள பரவிடும், இதைத்தான் டாக்டருங்க லீக்னு சொல்றாங்க.

இதுல நடக்கற மோசமான தப்பு, எது வந்தாலும் "கேஸ்தான், சரியாயிடும்"னு விட்டுடறது. முதல் சில நாள்ல ஜாயின்ட் ரொம்ப வீக்கா இருக்கும், ஏன்னா திசுவை இறுக்கிப் பிடிக்கற கொலாஜன்ங்கற புரதத்துல பழசு கரையற வேகத்துக்கு புதுசு உருவாகாது. அதனால முதல் வாரம் ரொம்ப கவனமா இருக்கணும், சிலருக்கு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் லீக் தெரியவரும். காய்ச்சல் இல்லையேன்னு நிம்மதியா இருக்காதீங்க, வயசானவங்களுக்கும் ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கும் காய்ச்சலே வராம போகலாம். நாடித்துடிப்பை பாருங்க. சும்மா படுத்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 100க்கு மேல ஓடிட்டே இருக்கு, மூச்சு வேகமா வாங்குது, யூரின் குறையுது, வயிறு உப்பிட்டே போகுது, தோள்பட்டை வலிக்குதுங்கறாங்க, நேத்து வராண்டால நடந்தவங்க இன்னைக்கு கட்டில்ல இருந்து எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க, இதுல எது இருந்தாலும் உடனே சொல்லுங்க. வயித்துக்குள்ள சேர்ற தண்ணியை வெளிய எடுக்கற ட்ரெயின் டியூப் இருந்தா அதுல வர்ற தண்ணி இளஞ்சிவப்புல இருந்து மஞ்சளா மாறறது சகஜம், பச்சையாவோ பழுப்பாவோ நாத்தத்தோட வந்தா சகஜம் இல்ல. ட்ரெயின் சுத்தமா இருக்குங்கறதுக்காக லீக் இல்லன்னும் முடிவு பண்ணிடாதீங்க.

ராத்திரில வேற ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போக வேண்டி வந்தா, வயித்து வலின்னு மட்டும் சொல்லாதீங்க, "குடல் ஜாயின்ட் பண்ணி இத்தனாவது நாள்"னு முதல் வார்த்தையா சொல்லுங்க, டிஸ்சார்ஜ் பேப்பரையும் காட்டுங்க. அதை வச்சுதான் சிடி ஸ்கேன் எடுக்கலாமான்னு சீக்கிரமா யோசிப்பாங்க.

வலி மாத்திரையை சொந்தமா வாங்கி போடறதும் தப்பு. டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளுக்கும் லீக்குக்கும் தொடர்பு இருக்கலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது, அதனால சர்ஜன் எழுதினதை மட்டும் போடுங்க. சிகரெட் விஷயத்துல பொய் சொல்லாதீங்க, அது ஜாயின்ட்டுக்கு போற ரத்தத்தை குறைக்கும், முன்கூட்டியே தேதி தெரிஞ்ச ஆபரேஷன்னா குறைஞ்சது 4 வாரம் முன்னாடியே நிறுத்திடணும். ஸ்டீராய்டு, சுகர், சமீபத்துல எடை குறைஞ்சது எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடுங்க.

சாப்பாட்டுல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. கேஸ் பிரியாம ஒரு சொட்டு கூட குடுக்கக்கூடாதுன்னு பிடிவாதமா பட்டினி போடறவங்க இருக்காங்க, இப்பல்லாம் நிறைய பேருக்கு அடுத்த நாளே திரவ ஆகாரம் ஆரம்பிச்சுடறாங்க. இன்னொரு பக்கம், பாவம் பசிக்குதேன்னு நர்ஸுக்கு தெரியாம ஊட்டறது. வாந்தி வந்தாலோ வயிறு கல்லு மாதிரி ஆனாலோ நிறுத்திட்டு கூப்பிடணும். மலக்குடல் பக்கம் ஜாயின்ட் பண்ணினவங்களுக்கு மலச்சிக்கல்னு எனிமாவோ ஆசனவாய்ல வைக்கற மாத்திரையோ சர்ஜனை கேக்காம வைக்கவே கூடாது, ஜாயின்ட் பிஞ்சுடலாம்.

மலம் வந்து சேர்றதுக்கு வயித்து மேல ஒட்டற பை வேண்டாம்னு சர்ஜன்கிட்ட சண்டை போடறது ரொம்ப வருத்தமான விஷயம். மலக்குடல்ல கீழ போட்ட ஜாயின்ட்ல லீக் வாய்ப்பு ஜாஸ்தி, அதனால சிறுகுடலை கொஞ்ச நாளைக்கு வெளிய எடுத்து பை வைப்பாங்க, லீக் ஆனாலும் உயிருக்கு வர்ற ஆபத்து குறையும். எல்லாம் சரியா இருந்தா பலருக்கு 2, 3 மாசத்துல மூடிடலாம். அந்த சமயத்துல பையில ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல போச்சுன்னா தாகத்துக்கு வெறும் தண்ணியா குடிக்காதீங்க, அது உப்பை இன்னும் இழுத்துட்டு போயிடும், ஓஆர்எஸ் குடிச்சுட்டு டாக்டரை கூப்பிடுங்க.

மாசக்கணக்கு கழிச்சு மலம் பென்சில் மாதிரி மெலிசா வந்தா ஜாயின்ட் சுருங்கிருக்கலாம், பலருக்கு ஸ்கோப்னு சொல்ற கேமரா குழாய் வழியா பலூன் விட்டே விரிச்சுடலாம். மலக்குடல் எடுத்தவங்க ஒரே நாள்ல பல தடவை ஓட வேண்டியிருக்கு, அடக்க முடியலன்னு வெக்கப்பட்டு வெளிய போறதையே நிறுத்திடறாங்க, அதுக்கும் மாத்திரையும் இடுப்புக்கு அடியில இருக்கற தசைகளுக்கான பயிற்சியும் இருக்கு, செக்கப்ல வாய் விட்டு கேளுங்க.