ஹுவாங்லியன்: எவ்வளவு, எப்படிக் காய்ச்சுவது, யார் தொடக் கூடாது

சீன மருந்துக்கடையில் கசப்புக்குப் பேர்போன கிழங்கு ஹுவாங்லியன். காப்டிஸ் என்ற சிறு செடியின் அடித்தண்டு இது. சோங்சிங்கின் ஷிஜு, ஹூபேயின் லிச்சுவான் போன்ற மலைப்பகுதிகளில் நிழல் போட்டு வளர்க்கிறார்கள். நட்டு ஐந்து வருடமாவது ஆன பிறகே தோண்டுவார்கள். அதனால் விலை அதிகம், கலப்படமும் உண்டு.

வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு கலந்த பளிச்சென்ற மஞ்சள் இருக்க வேண்டும், மென்றால் எச்சிலும் மஞ்சளாக வேண்டும். உடைத்த இடம் பழுப்பாக, வெண்புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால் அது ஹு ஹுவாங்லியன். நம் கடுகுரோகிணியின் இனம். கசப்புதான், ஆனால் மருந்து வேறு. பெயர் ஒட்டி வருவதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு.

வேலை செய்யும் முக்கியப் பொருள் பெர்பெரின். குடலில் இருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே ஏறும், பெரும்பகுதி குடலிலேயே நிற்கும். எனவே வயிற்றுப்போக்குக்கு இது பேர்வாங்கியதில் வியப்பில்லை. சீன வைத்தியர்கள் 'ஈரச் சூடு' என்று சொல்லும் நிலைக்கு, அதாவது எரிச்சலும் நாற்றமுமாகப் போகும் பேதிக்கு, இதைக் கொடுப்பார்கள். வாய்ப்புண், நெஞ்செரிச்சலோடு புளித்த வாந்தி, சூட்டால் தூக்கம் கெடுவது ஆகியவற்றுக்கும் உண்டு. குளிர்ந்த வயிறு, நாள்பட்ட தண்ணீர்ப் பேதி, பசியின்மை உள்ளவர்களுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

பெரியவர்களுக்கு ஒரு நாள் அளவு 2 முதல் 5 கிராம். கண்ணளவு போடாதீர்கள், சிறு தராசு வேண்டும். 3 கிராம் சீவலை 300 மி.லி. தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ கொதிக்கவிட்டு, பிறகு சிறுதீயில் 20 நிமிடம். வடிகட்டி, அதே சக்கையில் 200 மி.லி. ஊற்றி இன்னொரு முறை. இரண்டையும் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளையாகக் குடிக்கலாம். இரும்புச்சட்டி, அலுமினியம் வேண்டாம்.

பலரும் இடறுவது இங்கேதான்: அதிமதுரமோ ஹுவாங்சின் என்ற இன்னொரு சீன மூலிகை வேரோ சேர்த்துக் காய்ச்சினால் மஞ்சள் கசடு படியும். கெட்டுப்போனது என்று நினைத்துத் துணியில் வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். அந்தப் படிவில் பெர்பெரினும் இருக்கிறது. சாதாரண வடிகட்டியில் சக்கையை மட்டும் எடுத்துவிட்டு, குலுக்கிக் குடிக்க வேண்டும்.

வாந்திக்கு என்றால் இஞ்சிச் சாறில் பதப்படுத்தியது நல்லது. 100 கிராம் சீவலுக்கு 12.5 கிராம் இஞ்சி. சாறு பிழிந்து ஊற்றி, மூடிவைத்து, உறிஞ்சியதும் இளஞ்சூட்டில் ஈரம் போகும்வரை வறுக்கவும். தீய்ந்த வாடை வந்தால் அது வீண். நெஞ்செரிச்சலுக்கு ஹுவாங்லியன் 6 பங்கு, வூஜுயு என்ற சீன மூலிகைக் காய் 1 பங்கு என்பது பழைய விகிதம்; வூஜுயு நல்ல சூடு, கசப்பின் குளிர்ச்சியை அது சமன் செய்கிறது.

பச்சிளங்குழந்தைக்கு மட்டும் இதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். 'கருப்பை விஷம்' இறங்க என்று பிறந்த குழந்தைக்கு இந்தக் கசாயத்தைப் புகட்டும் பழக்கம் சீனக் குடும்பங்களில் இருந்தது. ரத்தத்தில் பிலிருபினை, அதாவது மஞ்சள்காமாலையை உண்டாக்கும் மஞ்சள் நிறமியை, அல்புமின் புரதம் பிடித்துவைத்திருக்கும். பெர்பெரின் அந்த இடத்தைப் பறித்தால் பிலிருபின் தனியாக அலைந்து மூளையைத் தாக்கும். ஜி6பிடி நொதிக்குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறை) உள்ள குழந்தைகளின் கடும் மஞ்சள்காமாலையை இதோடு தொடர்புபடுத்தியே, சிங்கப்பூர் 1978-இல் பெர்பெரின் உள்ள மூலிகைகளைத் தடைசெய்தது. ஹுவாங்லியன் மீதான தடை 2013-இல் நீங்கினாலும் எச்சரிக்கை நீங்கவில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் தொடவே கூடாது. நம் மரமஞ்சளிலும் பெர்பெரின் உண்டு என்பதால் அதற்கும் இதே கவனம் பொருந்தும்.

சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு அதிகம் இறங்கலாம். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பேதிக்கு இரண்டு நாள் குடித்தும் நிற்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் முதல் நாளே மருத்துவமனை. குடிக்கும்போது கண் மஞ்சளானாலும், சிறுநீர் கறுத்தாலும் அப்படியே. மிச்சமிருக்கும் சீவலையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.