மெலட்டோனின் குப்பியைத் திறக்கும் முன்: ஆய்வக மாட்டுக் கருக்களும் ஆன்டிஆக்சிடன்ட் தவறுகளும்

ஆய்வகத்தில் கருவூட்டிய மாட்டு முட்டைகளில் பிளாஸ்டோசிஸ்ட் (ஏழாம் நாள் வாக்கில் கரு எட்டும் கட்டம்) வரை வளர்பவற்றின் சதவீதம் இரண்டு வாரம் தொடர்ந்து சரிந்தால் போதும், கரு வளரும் ஊடகத்தில் (சத்துக் கரைசலில்) மெலட்டோனினோ வைட்டமின் சி-யோ சேர்க்கலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். இவை ஆன்டிஆக்சிடன்டுகள்; அதாவது ஆக்சிஜன் தீவிரக்கூறுகளை, செல்லைச் சேதப்படுத்தக்கூடிய வேகமாக வினைபுரியும் மூலக்கூறுகளை, அடக்குபவை. இன்குபேட்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். வெளிக்காற்றில் அது ஏறக்குறைய 20 சதவீதம். பசுவின் கருக்குழாயில் அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் கருக்களை 5 சதவீத ஆக்சிஜனில் வளர்க்கிறார்கள். ஆக்சிஜன் கூடினால் தீவிரக்கூறுகளும் கூடும்; 20 சதவீதத்தில் வளர்த்துக்கொண்டே ஆன்டிஆக்சிடன்ட் சேர்ப்பது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. 20 சதவீதத்தில் பலன் தந்த பொருள் 5 சதவீதத்திலும் அதே பலனைத் தரும் என்று நம்புவது இன்னொரு பிழை. ஊடகத் துளிகளை மூடப் பயன்படும் கனிம எண்ணெய் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் கிடந்தால், அதில் கருவுக்குக் கேடான பெராக்சைடு சேர்ந்துவிடும். அதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

எந்தக் கட்டத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சினைமுட்டை முதிரும் 22 முதல் 24 மணி நேரத்தில் 100 மைக்ரோமோலார் சிஸ்டியமின் சேர்ப்பது பழக்கமான முறை. அது முட்டைக்குள் செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளூட்டாதயோன் சேர்வதைக் கூட்டும். உள்ளே நுழைந்த விந்தணுவின் இறுகிய தலை அவிழ்ந்து ஆண் முன்கருவாக (முட்டையின் முன்கருவோடு இணையும் உட்கருவாக) மாற அந்தக் குளூட்டாதயோன் தேவை. ஆனால் முட்டைகளில் ஒட்டியிருக்கும் அந்த முதிர்வு ஊடகத்தைச் சரியாகக் கழுவாமல் அவற்றை விந்தணு சேர்க்கும் கருவூட்டல் துளிக்கு மாற்றினால் கதை திரும்பிவிடும். முட்டையைத் துளைக்கும் தகுதியைப் பெற விந்தணுவுக்கு ஓரளவு ஆக்சிஜன் தீவிரக்கூறுகள் வேண்டும். அவற்றை ஒட்டுமொத்தமாக அடக்கினால் கருவுறுதலே குறையக்கூடும். தீவிரக்கூறு என்றாலே எதிரி என்று பாடம் நடத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

வைட்டமின் சி நல்ல பெயரெடுத்த பொருள். ஆனால் ஊடகத்தில் கட்டுப்படாத இரும்பு இருந்தால், அது அந்த இரும்பைத் திரும்பத் திரும்ப ஒடுக்கிக்கொடுத்து ஹைட்ராக்சில் தீவிரக்கூறு உருவாகவே வழி செய்யும். அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஏற்கெனவே சீரமோ ஆல்புமினோ இருக்கும் ஊடகத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பதும் மறந்துபோகிறது.

வைட்டமின் ஈ, ரெஸ்வெரட்ரால் போன்றவை தண்ணீரில் எளிதில் கரையாது; எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓவிலோ கரைத்துத்தான் சேர்க்க வேண்டும். அப்படியானால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே கரைப்பானை அதே அளவில் சேர்த்தாக வேண்டும். இதைக்கூடச் செய்யாத சோதனையைப் படிக்க எனக்குப் பொறுமை இருப்பதில்லை. ரெஸ்வெரட்ரால் ஒளியில் உருமாறும் என்பதால் குப்பியை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள். இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் சினைப்பைகளின் தரம் நாளுக்கு நாள் மாறும்; திங்கட்கிழமை முட்டைகளை ஒரு குழுவாகவும் வியாழக்கிழமை முட்டைகளை மற்றொன்றாகவும் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே நாள் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, பல வாரம் திரும்பச் செய்ய வேண்டும்.

கடைசியாக, எதை எண்ணுகிறோம் என்பது. ஏழாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் எண்ணிக்கை மாறாமலே இருக்கலாம். உள்செல் திரளின் (கன்றாக வளரும் செல் தொகுதியின்) அளவும் மடியும் செல்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கலாம். ஆய்வகக் கருக்களில் கொழுப்புத் துளிகள் அதிகம், உறைவைத் தாங்கும் திறன் குறைவு. எனவே உறையவைத்து உருக்கிய பின் எத்தனை கருக்கள் மீண்டும் விரிகின்றன, கருவை வைத்த பசுக்களில் எத்தனை சினை பிடித்தன என்ற எண்களையும் நோட்டில் எழுதுங்கள்.