நாய்க்குட்டியை வதைக்கிற பிள்ளையும் நாம் செய்யும் தவறுகளும்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஓணான் அடிக்காத பயல் அபூர்வம். ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிப்போம். "தாகத்துக்கு ராமருக்கு அணில் இளநீர் கொடுத்துச்சு, ஓணான் மூத்திரம் கொடுத்துச்சு" என்று அதற்கு நியாயமும் வைத்திருந்தோம். அந்தப் பயல்களில் யாரும் கொலைகாரனாகவில்லை. ஆகவே பிள்ளை ஒருநாள் கல்லெறிந்தான் என்றதும் பதறுவது தவறு. விலங்கு வதை, தீ வைப்பு, படுக்கையை நனைப்பது மூன்றும் பிற்கால வன்முறைக்கு அடையாளம் என்று 1963-ல் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை.

"ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான்" என்று சிரித்து விடுவது அதைவிடப் பெரிய தவறு. நாலு வயதுப் பிள்ளை பூனை வாலை இழுப்பது விவரம் தெரியாமல். பத்து வயதுக்காரன் ஒளிந்து நின்று, அது கத்தக் கத்த, திரும்பத் திரும்பச் செய்தால் விஷயம் வேறு. 1987-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறியும் கையேடு இதை, நடத்தைக் கோளாறு என்ற பிள்ளைப் பருவ மனநலப் பிரச்சினையின் அறிகுறிகளில் சேர்த்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பையன். எட்டு வயதிருக்கும். நாய்க்குட்டி கழுத்தில் நைலான் கயிற்றைக் கட்டி, முன்னங்கால் தரையில் படாதபடி தூக்கிப் பிடித்திருந்தான். "சொன்ன பேச்சு கேப்பியாலே? கேப்பியா?" அந்தக் குரல் எனக்குப் பழக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவன் வீட்டிலிருந்து வருவது, அவன் அப்பாவுடையது. அம்மாக்காரி விளக்குமாற்றோடு ஓடி வந்து நாலு போட்டாள். பயல் அழவே இல்லை. பெரியது சின்னதை அடிக்கலாம் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தை இன்னொரு தடவை படித்தான், அவ்வளவுதான்.

"ஏம்லே இப்படிச் செஞ்ச?" என்று மிரட்டினால் பதில் வராது. கோபம் தணிந்தபின், தனியாக, "இப்படி யாரு செஞ்சு பாத்த?" என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் பெண்டாட்டியைப் பணிய வைக்க, "நாயைக் கொன்னுருவேன்" என்று புருஷன் மிரட்டுவதும் உண்டு. பிள்ளை அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பாசம் வரட்டும் என்று அவனுக்கே புதுக் குட்டி வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், பரீட்சை எழுதுவது அந்தக் குட்டி. வீட்டிலிருக்கும் உயிரோடு அவனைத் தனியே விடவும் கூடாது.

எங்கள் பக்கம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. "பைத்தியம்னு பேராகிரும்" என்று தயங்காமல் கூட்டிப் போங்கள். வீட்டில் பிள்ளையே அடிபடுகிறான் என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம், காசு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம். அந்த ராத்திரிகளில் நான் பேசவில்லை.