சென்டார்களின் கதைமரபைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையை வளர்க்கும் ரோல்பிளே ஆட்டத்துக்கு ஒரு மாயாஜால உலகத்தை உருவாக்கி, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர், மனித உடலும் குதிரை உடலும் இணைந்த சென்டார்களைப் பற்றி ஒரு மாலைப்பொழுது தேடினால் போதும். குடிவெறியர்கள், ஞானிகள், வில்லாளிகள், நட்சத்திரம் பார்ப்பவர்கள், காட்டைக் காப்பவர்கள் என்று பல விதமான சென்டார்கள் அவருடைய குறிப்பேட்டில் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவற்றையெல்லாம் ஓர் இனத்தின் பொது இயல்புகளாக அடுக்கி எழுதும்போதுதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு செய்தியையும் யார், எக்காலத்தில், யார் பக்கம் நின்று சொன்னார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டால், அந்தச் செய்திகளுக்கு இடையே உள்ள முரண்பாடுகளே ஆட்டத்துக்குத் தேவையான கதையைத் தந்துவிடும்.

சென்டார்கள் அனைவரும் ஒரே குலத்தவர் என்று கொள்வதுதான் மிகப் பரவலான பிழை. பிண்டார் என்ற கிரேக்கக் கவிஞர் பாடியபடி, தேவர்களின் அரசி ஹீராவின் மீது ஆசை கொண்ட இக்சியான் என்ற அரசனை ஏமாற்ற, அவளுடைய கணவரான ஜீயஸ் ஒரு மேகத்தை ஹீராவின் உருவில் வடித்தார். அந்த மேகம் பெற்ற கென்டாரஸ் என்பவன் பெலியான் மலையடிவாரத்துப் பெண்குதிரைகளோடு கூடியதால், கீழே தாயையும் மேலே தந்தையையும் ஒத்த ஒரு கூட்டம் பிறந்தது. ஆனால் ட்ராய் போர் வீரன் அக்கிலீஸுக்கு மருத்துவம் கற்பித்த சென்டாரான கைரன் இந்த வழியில் வந்தவரே அல்லர். ஜீயஸின் தந்தை குரோனஸ் குதிரை வடிவெடுத்து ஃபிலிரா என்ற தேவமகளைக் கூடியதால் பிறந்தவர் அவர்; அதாவது ஜீயஸுக்கே தந்தை வழிச் சகோதரர், இறப்பற்றவர். மாவீரன் ஹெராக்ளிஸை விருந்துக்கு அழைத்த சென்டாரான ஃபோலஸோ, சைலீனஸ் என்ற வனதேவனுக்கும் ஒரு மரத்தேவதைக்கும் பிறந்தவன். நல்ல சென்டார், கெட்ட சென்டார் என்று பாத்திரப் படிவத்தில் குணத்தைக் குறித்துக்கொள்வதற்கு முன்னால், அவர்கள் எந்த வழியில் வந்தவர்கள் என்று கேட்டால் பதில் தானாகக் கிடைக்கும்: மரபில் பண்புள்ளவர்களாகப் பேசப்படும் இவ்விருவருமே இக்சியானின் வழியில் வராதவர்கள்.

உருவத்தையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறோம். ட்ராய் போரைப் பாடும் இலியட் காவியத்தில் ஹோமர் இவர்களை மலைவாழ் விலங்குகள் என்றும் மயிரடர்ந்தவர்கள் என்றும் சொல்கிறாரே தவிர, நான்கு குளம்புகளைப் பற்றி எங்கும் பாடவில்லை. யூபியா தீவின் லெஃப்காண்டி இடுகாட்டில் கிடைத்த ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் உயரமுள்ள சுடுமண் உருவம், கி.மு. 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது; தலை ஒரு கல்லறையிலும் உடல் வேறொரு கல்லறையிலும் வைக்கப்பட்டிருந்தன. அதன் முன்கால் முழங்காலில், மண் காய்வதற்கு முன்பே வேண்டுமென்றே கீறிய ஒரு வெட்டு இருக்கிறது. ஹெராக்ளிஸின் நஞ்சு தோய்ந்த அம்பு கைரனின் முழங்காலில் பாய்ந்தது என்று பிற்காலத்து நூல் சொல்வதால், இது கைரனாகவே இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. கி.மு. 570 அளவில் வரையப்பட்ட பிரான்சுவா கலயம் என்ற கிரேக்க ஓவியக் கலயத்திலோ கைரனுக்கு முன்கால்கள் முழு மனிதக் கால்களாகவே இருக்கின்றன, உடை உடுத்தியிருக்கிறார். அந்தக் கலயத்தில் அவர் நிற்கும் கோலத்தைக் கண்டவர்கள், மூத்த குலத்துச் சென்டார் ஒருவரை ஆட்டத்தில் வேறு உருவத்தோடு நடமாட விடத் தயங்கமாட்டார்கள்.

வில்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனுசு ராசியின் படத்தில் வில்லேந்திய குதிரைமனிதனைப் பார்த்துப் பழகிய நாம், வில்லே சென்டார்களின் குல ஆயுதம் என்று நினைத்துவிடுகிறோம். அந்த விண்மீன் உருவம் பாபிலோனிய மரபிலிருந்து வந்தது. எரட்டோஸ்தெனீஸ் என்ற கிரேக்க அறிஞரின் பெயரில் வழங்கும் விண்மீன் கதைத்தொகுப்பே, சென்டார்கள் எவரும் வில் பயன்படுத்தியதில்லை என்று அதை மறுக்கிறது. கிரேக்கக் கலயங்களில் அவர்கள் கையில் இருப்பவை பாறைகளும் வேரோடு பிடுங்கிய மரங்களுமே. அம்பெய்யும் சென்டார் படை வேண்டுமென்றால் தாந்தே என்ற கவிஞர் பாடிய நரகத்தில், குருதி ஆற்றின் கரையில் காவல் நிற்கிறது. அது 14ஆம் நூற்றாண்டு இத்தாலி என்று குறித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, லாபித்துகள் என்ற தெசலி நாட்டுக் குலத்தவரோடு சென்டார்களுக்கு நடந்த போரைக் குடிவெறிக் கலகம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவதுதான். லாபித்துகளின் அரசன் பிரித்தூஸின் திருமண விருந்தில் சென்டார்கள் குடித்துவிட்டு மணப்பெண் ஹிப்போடேமியாவைத் தூக்கிச்செல்ல முயன்றார்கள், அதனால் போர் மூண்டது என்பதே நாம் படிப்பது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலின் தெற்குப் பக்கச் சிற்பங்கள் காட்டுவதும் அதைத்தான். ஆனால் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் இதற்கு முந்தைய கதையையும் சொல்லியிருக்கிறார். பிரித்தூஸும் இக்சியானின் மகனே. ஆகவே சென்டார்கள், உறவு முறையைச் சொல்லித் தந்தையின் நாட்டில் தங்கள் பங்கைக் கேட்டார்கள். பிரித்தூஸ் தர மறுத்தான். முதல் போர் அதற்காகவே நடந்தது. பிறகு சமாதானம் ஆகி, அதன் பின்னரே அந்தத் திருமணத்துக்கு அழைக்கப்பட்டார்கள். இது பங்காளிச் சண்டை. பாகம் பிரிக்காத சொத்து, வாயளவில் முடிந்த சமாதானம், அதற்குப் பின் ஒரு கல்யாணப் பந்தி என்றால் அங்கே என்ன நடக்கும் என்பதை நம் ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பந்தியில் முதலில் பால்தான் வைக்கப்பட்டிருந்தது என்றும், மதுவின் மணம் வந்ததும் சென்டார்கள் வெண்ணிறப் பாலை மேசையிலிருந்து கைகளால் தள்ளிவிட்டு வெள்ளிக் கொம்புகளில் மதுவைக் குடித்தார்கள் என்றும் பிண்டாரின் சிதைந்த பாடல் ஒன்று காட்டுகிறது. பால் குடித்துப் பழகிய மலைக்குடிகளுக்கு முன்னால் மதுவை வைத்தவர்கள் யார் என்ற கேள்வியை ஆட்டக்காரர்களில் ஒருவராவது கேட்பார், கேட்கட்டும்.

ஃபோலஸின் குகையில் நடந்ததும் இதே வகைதான். விருந்தாளியான ஹெராக்ளிஸுக்குச் சுட்ட இறைச்சியைப் பரிமாறிவிட்டு, ஃபோலஸ் தன் பங்கைப் பச்சையாகவே உண்கிறான். ஹெராக்ளிஸ் மது கேட்கிறான். அங்கிருந்த தாழி சென்டார்கள் அனைவருக்கும் பொதுவானது என்பதால் ஃபோலஸ் திறக்க அஞ்சுகிறான். ஹெராக்ளிஸ் தைரியம் சொல்லித் திறக்க வைக்கிறான். மணத்தை மோப்பம் பிடித்து, பாறைகளும் மரங்களும் ஏந்திக்கொண்டு மற்றவர்கள் ஓடி வருகிறார்கள். பொதுச் சொத்தை அந்நியன் ஒருவன் தொட்டான் என்று படித்தால் இந்தச் சண்டைக்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது. எல்லாம் ஓய்ந்த பின், இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு பெரிய உடல்களை எப்படிக் கொன்றது என்ற வியப்போடு ஃபோலஸ் ஒரு பிணத்திலிருந்து அம்பைப் பிடுங்கிப் பார்க்கிறான். அது கை நழுவிக் காலில் விழ, அவனும் இறந்துபோகிறான்.

சென்டார் பெண்களைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை என்று அவர்களை விட்டுவிடுவதும், அல்லது முற்றிலும் கற்பனையாக எழுதிவிடுவதும் அடுத்த தவறு. ரோமானியக் கவிஞர் ஓவிட் தம்முடைய உருமாற்றக் கதைகளின் 12ஆம் பகுதியில் ஹைலோனோமி என்ற பெண்ணைக் காட்டுகிறார். அவள் கூந்தலைச் சீவி, ரோஸ்மேரியோ வயலட்டோ ரோஜாவோ சூடுகிறாள். மலை ஓடையில் நாளுக்கு இரண்டு முறை முகம் கழுவுகிறாள், இரண்டு முறை நீராடுகிறாள். தனக்குப் பொருந்தும் விலங்குத் தோலைத் தேர்ந்தெடுத்தே அணிகிறாள். கணவன் சில்லாரஸ் அந்தத் திருமணப் போரில் வீழ்ந்ததும், அவனைத் துளைத்த அதே ஆயுதத்தின் மீது தானும் சாய்ந்து உயிர்விடுகிறாள். போரைச் சொல்லும் கதையிலேயே ஒரு சென்டார் குடும்பத்தின் அன்றாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சூக்ஸிஸ் என்ற கிரேக்க ஓவியர் தீட்டிய சென்டார் தாய், இரட்டைக் குட்டிகளில் ஒன்றுக்கு மனித மார்பிலும் மற்றொன்றுக்குக் குதிரை மடியிலும் பாலூட்டியதை லூசியன் என்ற பழைய எழுத்தாளர் விவரிக்கிறார்.

உடலியல் கேள்விகளுக்கும் பழைய நூல்களில் பொருள் உண்டு. அவை சென்டார்களை நம்ப மறுத்தவர்கள் எழுதியவை என்பதாலேயே நாம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. குதிரை மூன்று வயதில் முழு வலிமை பெற்றுவிடுகிறது, அந்த வயதில் மனிதக் குழந்தை தூக்கத்தில் தாய்ப்பாலைத் தேடிக்கொண்டிருக்கிறது, ஆகவே இரண்டும் ஓர் உடலில் சேர முடியாது என்பது ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் வாதம். கேம் மாஸ்டருக்கு இது மறுப்பு அன்று, தீர்மானிக்க வேண்டிய ஒரு விதி. கிரேக்க எழுத்தாளர் செனஃபன் எழுதிய, பாரசீக அரசர் சைரஸின் வரலாற்றில் வரும் கிரிசாந்தஸ் என்ற பாரசீகன், மனிதர்கள் கண்டுபிடித்த வசதிகளைச் சென்டார்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள், குதிரைகளுக்கு உரிய இன்பங்களை எப்படி அனுபவிப்பார்கள் என்று கேட்கிறான். கட்டில், படிக்கட்டு, ஓடம் என்று அந்தக் கேள்வியை நீட்டிக்கொண்டே போனால் ஒரு கிராமத்தையே வடிவமைத்துவிடலாம்.

குதிரைக்கூறு உள்ள எல்லாரையும் சென்டார் என்று அழைப்பதையும் தவிர்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கதைகளில் வரும் டிக்பாலங் குதிரைத் தலையும் மனித உடலும் கொண்டது. நம் மரபின் கின்னரர்கள் சில இடங்களில் குதிரை முகத்தோடும் சில இடங்களில் பறவை உடலோடும் வருபவர்கள். இசையே அவர்களுடைய அடையாளம். கந்தர்வர் என்ற சொல்லையும் கென்டாரஸ் என்ற சொல்லையும் இணைத்த 19ஆம் நூற்றாண்டுக் கருத்து, ஒலி விதிகளின்படி நிறுவப்படாதது. ரஷ்யாவின் போல்கான் சுவையான விதிவிலக்கு: இத்தாலியக் கதையில் பாதி நாயாக இருந்தவன், பெயரின் ஒலி ரஷ்ய மொழியில் பாதிக் குதிரை என்று கேட்கவே, அங்கே சென்டாராகிவிட்டான்.

ஆட்ட விதிநூலைப் புராணச் சான்றாகக் காட்டுவதும் கூடாது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு அரக்கர் நூலில் சென்டார் பெரிய அளவு உடையது. ஆட்டக்காரர்கள் ஏற்கும் பாத்திரமாக 2018இல் வந்தபோது அதே சென்டார் நடுத்தர அளவுக்குக் குறைந்து, தேவதை வகையிலும் சேர்ந்துவிட்டது. அது மேசையில் சமநிலை வேண்டிச் செய்த மாற்றம். அதே சமயம் 2020இல் அதே ஆட்டத்துக்கு வந்த தெரோஸ் நூல் ஒரு சென்டார் கூட்டத்துக்கு ஃபெரீஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. ஹோமர் இவர்களைக் குறிக்கப் பயன்படுத்திய பழைய சொல்லே அது.

இடத்தைக் குறிக்காமல் விடுவதுதான் நான் சொல்ல விரும்பும் கடைசிப் பிழை. இவர்கள் பொதுவான ஏதோ ஒரு காட்டில் வாழ்ந்தவர்கள் அல்லர். தெசலியின் பெலியான் மலையில் வாழ்ந்து, அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள். இலியட்டின் கப்பல் பட்டியலில், பிரித்தூஸின் மகன் பாலிபோய்ட்டீஸ் 40 கப்பல்களோடு ட்ராய்க்கு வந்தவனாகக் குறிக்கப்படுகிறான். சென்டார்களை அவன் தந்தை பெலியானிலிருந்து விரட்டி ஐதீகர் என்ற மக்களின் நாட்டுக்குத் தள்ளிய அதே நாளில் ஹிப்போடேமியா அவனைப் பெற்றாள் என்று ஹோமர் சேர்த்துச் சொல்கிறார். அந்த நாளில், பெலியானிலிருந்து மேற்கே போகும் மலைப்பாதையில் பிறந்த சென்டார் குட்டி ஒன்றும் இருந்திருக்கும். லுக்ரீஷியஸின் கணக்குப்படி அது மூன்றாம் ஆண்டிலேயே போருக்குத் தயாராகிவிடும். பாலிபோய்ட்டீஸ் அப்போது தாய்மடியில் இருப்பான்.