மணலில் இறங்கும் முன் ரயரின் காற்றைக் குறையுங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் தார் வீதியை விட்டு மணல் பாதையில் மோட்டார் சைக்கிளை இறக்கும் முன், இரண்டு ரயர்களிலும் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துவிடுங்கள். சாதாரண மோட்டார் சைக்கிளுக்குத் தார் வீதியில் 28 முதல் 32 வரை இருக்கும். காற்று குறைந்தால் ரயர் தட்டையாகி, நிலத்தைத் தொடும் பகுதி நீளும். பாரம் பரவுவதால் சில்லு புதையாது, முன்பக்கம் அலையாது. கிளட்ச் தேயத் தேய முறுக்கிப் பெற்றோலை எரிக்கவும் வேண்டாம்.

ஒரு சின்ன அளவுமானியும் கைப்பம்பும் சீட்டுக்கு அடியிலோ பையிலோ கட்டாயம் இருக்கட்டும். வெயிலில் ஓடிச் சூடேறிய ரயர் ஓரிரு பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும், அதைக் கணக்கில் எடுங்கள்.

திரும்பித் தார் ஏறியதும் முதல் வேலை காற்றடிப்பதுதான். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் சூடேறிக் கெடும், வளைவில் சைக்கிள் சொல்வழி கேட்காது.

கல்லும் குழியுமான கிரவல் வீதிக்குக் காற்றைக் குறைப்பது சரிவராது. ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசிந்து இரட்டை ஓட்டை விழும், ரியூப் இல்லாத ரயரென்றால் ரிம் நெளியும். பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தாலும் இவ்வளவு குறைக்காதீர்கள். அலை நனைத்து இறுகிய மணலுக்குத் தேவையே இல்லை. மாரி மழையில் சேறாகிக் கிடக்கும் பாதையில் ரயரின் பூ (நிலத்தில் படும் வெட்டுகள்) ஆழமாக இல்லாவிட்டால் காற்றைக் குறைத்தும் பெரிதாகப் பயனில்லை.